எண் நிற்கும் வரை

எடை மேடையில் லாரி ஏறிவிட்டால் யாரும் அசையக் கூடாது என்பது அவளுடைய சட்டம். இன்ஜினை அணைக்க வேண்டும். டிரைவர் இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். கிளீனர் மேலே உட்கார்ந்து தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருக்கக் கூடாது. கண்ணாடி அறைக்குள் இருக்கும் பெட்டியில் சிவப்பு எண்கள் குதிக்கும், தயங்கும், பிறகு ஒன்றில் நிற்கும். நின்ற பிறகுதான் அவள் பொத்தானை அழுத்திச் சீட்டு எடுப்பாள். அதற்குள் யாராவது மேடையில் கால் வைத்தால் ஒலிபெருக்கி அலறும்.

"யாருப்பா அது ஆட்டுறது? எண் நிக்கிற வரைக்கும் ஆடாம இரு!"

பத்தொன்பது வருஷமாக இதையே சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை கட்டிப்போய், குரல் ஆண் குரலாகிவிட்டது. லாரிக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் எடைக்காரி என்பார்கள், நேரில் அக்கா என்பார்கள். அவளை ஏமாற்றிச் சீட்டு வாங்கியவன் அந்த வட்டாரத்தில் இல்லை. சுமையோடு வரும்போது வண்டியில் தண்ணீர் டிரம்மை ஏற்றி வருவான் ஒருவன், காலி வண்டியை எடை போடும்போது அதை இறக்கிவிட்டு வருவான். மணலை நனைத்துக்கொண்டு வருவான் இன்னொருவன். அவள் குனிந்து வண்டிக்கு அடியில் ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான்.

"அடியில ஒழுகுது பாரு."

"மழைக்கா," என்பான் தாடிக்கார டிரைவர். பாவம் போல முகத்தை வைத்துக்கொள்வதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

"உன் வண்டிக்கு மட்டும் தனியா பேஞ்சுதா? ஓரமா நிறுத்து. ஒழுகி முடியட்டும், அப்புறம் ஏத்து. நான் மணலுக்குத்தான் சீட்டு குடுப்பேன், தண்ணிக்குக் குடுக்க மாட்டேன்."

இப்படிப்பட்டவள் தன் வீட்டுக்குள் ஏமாந்தாள் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். அவளே நம்பவில்லை.

மேடைக்குப் பின்னால் நூறு எட்டு தள்ளி, கம்பெனி கொடுத்த இரண்டு அறை வீட்டில் அவள் புருஷன் இருந்தார். கல் அறுக்கும் பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். வேலை முடிந்து வெளியே வரும்போது தலை, புருவம், காது மடல் எல்லாம் வெள்ளையாகக் கல்பொடி அப்பியிருக்கும். அதனால் பட்டறையில் அவருக்கு மாவு என்று பெயர். அந்த மாவுதான் வருஷக்கணக்காக நெஞ்சுக்குள்ளும் இறங்கி, நுரையீரல் இரண்டையும் கல்லாக்கிவிட்டது. இப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின் இரவு பகலாக உறுமிக்கொண்டிருந்தது. மூக்கில் குழாயோடு அவர் உட்கார்ந்திருப்பார். இனி மருந்தால் ஆவது ஒன்றுமில்லை, வேறொருவருடைய நுரையீரலை வாங்கி வைத்தால்தான் உண்டு என்று சொல்லிவிட்டார்கள். செலவைத் தொழிலாளர் நிதி ஏற்றுக்கொள்ளும், அந்தக் கவலை இல்லை. காத்திருப்போர் பட்டியலில் பெயர் ஏற வேண்டும். அதுதான் கவலை.

"நாப்பத்திநாலு கிலோ உடம்பு இவ்வளவு பெரிய ஆபரேஷனைத் தாங்காதும்மா," என்றார் பெரிய டாக்டர். "உங்க வீட்டுக்காரர் உயரத்துக்கு நாப்பத்தொம்போதாவது வேணும். நல்லா சாப்பிட வைங்க. பயிற்சியும் செய்யச் சொல்லுங்க. மூணு மாசம் கழிச்சு வாங்க, பேர் சேர்க்கறதைப் பத்திப் பேசலாம்."

வெளியே வந்ததும் பயிற்சி சொல்லித்தரும் பெண் இரண்டு காகிதங்கள் கொடுத்தாள். ஒன்றில் என்ன சாப்பிடுவது, மற்றதில் எப்படி நடப்பது, எப்படி உட்கார்ந்து எழுவது. ரெண்டும் சேர்ந்தே நடக்கணும்க்கா என்று இரண்டு தடவை சொன்னாள். அவள் காதில் நாற்பத்தொன்பது மட்டும்தான் விழுந்தது. எடைக்காரிக்கு வேறு என்ன விழும்?

மூன்றாம் நாள் காகிதத்தில் இருந்தபடி அவரை வாசலிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரைக்கும் நடக்கவிட்டாள். பாதி வழியில் உதடு நீலம் பாய்ந்துவிட்டது. கண் இரண்டும் பிதுங்க, தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றுவிட்டார், அவள் ஓடிப்போய்த் தாங்கி வீட்டுக்குள் கொண்டுவந்தாள். மறுநாள் காலை இரவல் மெஷினில் எடை பார்த்தால் முந்நூறு கிராம் குறைவு. அன்றைக்கே நடக்கிற காகிதத்தை மடித்து அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தாள்.

"முதல்ல எடை ஏறட்டும். நடக்கறது எங்கயும் ஓடிப்போயிடாது."

அவர் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டிலும் எடை மேடைச் சட்டம்தான். வீட்டுக்கென்று ஒரு நல்ல எடை மெஷின் வாங்கி, சுவரோரமாகத் தளத்தில் ஆட்டமில்லாத ஓர் இடம் பார்த்து வைத்தாள். தினமும் காலை ஆறு மணிக்கு அதன்மேல் முத்திரை குத்திய இரண்டு கிலோ படிக்கல்லை வைத்துச் சரிபார்த்த பிறகுதான் புருஷனை ஏற்றுவாள்.

"ஆடாம நில்லுங்க."

"மூச்சு விடலாமா?"

"மெதுவா விடுங்க."

"இப்படி நிக்கறதுக்கு லாரியாவே பொறந்திருக்கலாம்."

"பேசாதீங்க. பேசினா மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினா எடை எறங்கும்."

விடிந்ததும் நாலு முட்டை. பாலில் வெண்ணெய். பத்து மணிக்கு வேர்க்கடலையும் வாழைப்பழமும். மத்தியானம் மீன், சாயங்காலம் எலும்புச் சாறு. சாப்பிடுவதும் அவருக்கு லேசான வேலை இல்லை. நாலு வாய் மென்றால் மூச்சிரைக்கும், நிறுத்துவார். நெற்றியில் வியர்வை துளிர்க்கும். துடைத்துவிட்டு அடுத்த வாய் ஊட்டுவாள். லாரி வந்து ஹாரன் அடித்தால் தட்டை மூடிவைத்துவிட்டு ஓடுவாள், சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுத் திரும்ப ஓடி வருவாள். குளிப்பாட்டுவது அவள், சட்டை மாட்டுவது அவள், தண்ணீர் டம்ளரை உதட்டில் வைப்பது அவள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்த நூறு எட்டையும் ஓடினாளோ. அவள் உடம்பு ஓடாய்த் தேய்ந்தது. அது அவள் கணக்கில் வரவில்லை.

"இன்னொரு முட்டை."

"உள்ள ஒரு கோழிப் பண்ணையே நடக்குதும்மா. போதும்."

"இது பாதிதான்."

"முதல் பாதி எங்க போச்சு?"

"அதைத்தான் முன்னாடியே முழுங்கிட்டீங்களே."

எடை ஏறத் தொடங்கியது. நாற்பத்தைந்து. நாற்பத்தாறரை. மாதம் ஒன்றரை ஆனபோது நாற்பத்தெட்டு. அவருடைய அக்கா வாராவாரம் தூக்குவாளியில் சாறு கொண்டு வருவாள், தம்பியின் கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பாள்.

"கன்னம் வச்சிருக்குடா! கல்யாணத்துல பாத்த மாதிரி இருக்க. உன் கை ராசிதான்மா," என்று எடைக்காரியின் கையைப் பிடித்துக்கொள்வாள்.

"நான் ஒரு துரும்பைக்கூட அசைக்க விடறதில்ல அண்ணி," என்பாள் இவள். சொல்லும்போது குரலில் தெரிந்த பெருமையைச் சொல்லி மாளாது.

நாற்பத்தொன்பதைத் தாண்டிய அன்று கண்ணாடி அறையில் உட்கார்ந்து அவள் தனியாக அழுதாள். வரிசையில் நின்ற நாலு லாரிகளும் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தன.

ஆஸ்பத்திரி மெஷினில் ஐம்பது புள்ளி நாலு வந்தது.

"எங்க வீட்டு மெஷின்லயும் இதேதாம்மா. நூறு கிராம்கூட வித்தியாசம் வராது," என்று அவள் நர்சிடம் சொன்னாள். நர்ஸ் கேட்கவில்லை, இவளாகத்தான் சொன்னாள்.

பிறகு அவரை வேறோர் அறைக்குக் கூட்டிப்போனார்கள். வெறுங்காலோடு ஓர் இரும்புத் தட்டின் மேல் நிற்கச் சொல்லி, இரண்டு கையிலும் பிடிகளைக் கொடுத்தார்கள். எடைக்காரி தொழில்காரியின் ஆசையோடு எட்டிப் பார்த்தாள்.

"இதுவும் எடை மெஷின்தானா?"

"எடையில எது என்னன்னு பிரிச்சுச் சொல்ற மெஷின்க்கா," என்றாள் பயிற்சிப் பெண். "தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, தண்ணி எவ்வளவுன்னு."

தண்ணி என்ற சொல் எடைக்காரிக்குள் எங்கோ போய்க் குத்தியது. அதைப் பற்றி யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, கையை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து உட்காருங்கள், எழுந்து உட்காருங்கள் என்றார்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் அரை நிமிஷத்தில் ஒன்பது தடவை எழுந்தவர். இன்றைக்கு இரண்டு தடவை எழுந்தார். மூன்றாவதில் இடுப்பு பாதி தூக்கி, தொடை வெடவெடவென்று ஆடி, தொப்பென்று நாற்காலியில் விழுந்தார். நடைபாதையில் ஆறு நிமிஷம் நடக்கவிட்டார்கள். அன்றைக்கு இருநூற்றுப் பத்து மீட்டர் நடந்தவர். இன்றைக்கு நூற்று முப்பதில் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"வீட்ல குளிக்கறது யாரு, அவரேவா?" என்று கேட்டாள் பயிற்சிப் பெண்.

"நான்தான் குளிப்பாட்டுவேன்."

"தண்ணி வேணும்னா?"

"கையில கொண்டு போய்க் குடுத்துடுவேன்."

"நடக்கறது?"

"அதெல்லாம் எதுக்குன்னு..." எடைக்காரி பாதியில் நிறுத்தினாள். எழுதிக்கொண்டிருந்த பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரிய டாக்டர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

"ஆறு கிலோவுக்கு மேல ஏறியிருக்கும்மா. ஆனா தசை முன்னைவிட ரெண்டு கிலோ குறைஞ்சிருக்கு. ஏறினது பூரா கொழுப்பும் தண்ணியும். முகம் உப்பியிருக்கே, அது மாத்திரையால வந்தது. ஆபரேஷன் முடிஞ்ச மறுநாளே இவர் எழுந்து உக்காரணும், இருமணும், நடக்கணும். அதுக்குத் தசை வேணும். இந்த நிலைமையில புது நுரையீரலே வச்சாலும் மூச்சு மெஷினை விட்டு வெளிய வர மாட்டார்."

"அப்ப பேரு?"

"இப்ப சேர்க்க முடியாது. மூணு மாசம் பயிற்சி பண்ணிட்டு வாங்க."

"மூணு மாசம் இருப்பாரா?" புருஷன் பக்கத்தில் இருக்கிறார் என்பதையே மறந்து கேட்டுவிட்டாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருக்கணும்னுதாம்மா சொல்றேன்," என்றார்.

அவள் குனிந்து புருஷனின் கணுக்காலுக்கு மேல் விரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. இந்தக் குழியை அவள் எத்தனையோ நாள் குளிப்பாட்டும்போது பார்த்திருக்கிறாள். சதை பிடிக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். ஈர மணல்! பத்தொன்பது வருஷமாக வண்டிக்கு அடியில் குனிந்து குனிந்து பார்த்தவள், வீட்டில் ஈர மணலுக்குச் சீட்டுக் கொடுத்திருக்கிறாள்.

வாடகை வேனில் திரும்பினார்கள். சிலிண்டர் மேடு பள்ளத்தில் கடகடத்தது.

"நான்தான் உங்களைக் கெடுத்துட்டேன்," என்றாள் அவள்.

"ஆமா."

இல்லை என்று சொல்வார் என எதிர்பார்த்திருந்தாள். திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நீயும் கெடுத்த, நானும் கெட்டேன்," என்றார் அவர். சற்று நிறுத்தி மூச்சு வாங்கினார். "அன்னைக்குத் தொட்டிகிட்ட நின்னேனே, அப்பவே எனக்கு நடக்கறதுன்னா உசுர் போற பயம் வந்துடுச்சு. நீ நடக்க வேணாம்னு சொன்னதும் வயித்துல பாலை வார்த்த மாதிரி இருந்துச்சு. உன்மேல பழியைப் போட்டுட்டு நான் சொகமா படுத்துக்கிட்டேன்."

அவள் அவர் மூக்கிலிருந்து நழுவிய குழாயைச் சரிசெய்தாள்.

"இன்னொண்ணு சொல்லணும். ஒரு மாசமா கக்கூஸ்ல தண்ணிக் குழாயைப் பிடிக்காம என்னால எந்திரிக்க முடியல. குழாய் ஆட ஆரம்பிச்சிடுச்சு."

"ஏன் சொல்லல? ஏங்க சொல்லல?"

"தினம் காலைல அந்த எண்ணைப் பாத்ததும் உன் முகம் மலரும். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல உன்னை அப்படிப் பாத்ததில்ல. அதைக் கெடுக்க மனசு வரலம்மா."

அவள் வெளியே பார்க்கத் திரும்பிக்கொண்டாள். அவர் கை வந்து அவள் முழங்கையைப் பிடித்தது. பிடியில் வலுவே இல்லை. இதையும் கவனிக்காமல் இருந்திருக்கிறோமே என்று நினைத்தாள்.

துணிக்கு அடியில் இருந்த காகிதம் மறுநாள் சுவருக்கு வந்தது. முட்டையும் பாலும் குறையவில்லை. ஆனால் தண்ணீர்ச் சொம்பு கட்டிலை விட்டுச் சமையலறைக்குப் போனது. தாகமெடுத்தால் அவரே எழுந்து போய்க் குடிக்க வேண்டும். சட்டையை அவரே மாட்டிக்கொள்ள வேண்டும். பத்து நிமிஷம் ஆனால் ஆகட்டும்.

ஓடி ஓடிச் செய்த காலத்தில்கூட அவள் இவ்வளவு களைக்கவில்லை. சும்மா நிற்பது அவள் உயிரை வாங்கியது. அவர் நாற்காலிக் கையைப் பிடித்து எழ முயலும்போது அவள் கை தானாக நீளும், இழுத்துக்கொள்வாள். பார்க்க முடியாதபோது வெளியே போய்க் கதவுக்குப் பின்னால் நிற்பாள். உள்ளே ஆக்ஸிஜன் குழாய் தரையில் உரசி உரசி நகரும் சத்தம் கேட்கும். நின்றுவிடும். திரும்ப உரசும். அந்தச் சத்தம் நிற்கும் ஒவ்வொரு தடவையும் இவளும் மூச்சை அடக்கிக்கொள்வாள்.

ஒரு நாள் சாறு கொண்டுவந்த அக்கா அதைப் பார்த்துவிட்டாள். தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு ஊர்கிறார், பெண்டாட்டி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"என்னம்மா நடக்குது இங்க? ஒரு வாய் தண்ணி குடுக்க வீட்ல ஆளில்லையா?"

"அவரே எடுத்துக்குவார் அண்ணி."

"அவனே எடுத்துக்குவானா? நாக்கு வெளிய தள்ளுதும்மா! பேர் சேர்க்கலைன்னதும் கைகழுவிட்டியா?"

எடைக்காரிக்குக் கண்ணீர்தான் முதலில் வந்தது. உள்ளேயிருந்து அவர் குரல் விட்டுவிட்டு வந்தது.

"அக்கா... அவள எதுவும் சொல்லாத... சொம்புகிட்ட... வந்துட்டேன்."

அக்கா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். டம்ளர் சொம்பில் இடிபடும் சத்தம் கேட்கும் வரைக்கும் இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஐந்தாவது வாரம் எடை நாற்பத்தெட்டு புள்ளி ஒன்பதுக்கு வந்தது. டாக்டர் சொன்ன நாற்பத்தொன்பதுக்குக் கீழே! படிக்கல்லை வைத்து மூன்று தடவை சரிபார்த்தாள். மெஷினில் குற்றமில்லை. பயிற்சிப் பெண்ணுக்குப் போன் போட்டாள்.

"வீக்கம் வத்தியிருக்காக்கா?"

"கால்ல குழி விழறதில்ல."

"அப்ப தண்ணி வடியுது. தசை மெதுவாத்தான் ஏறும். சாப்பாட்டை விடாதீங்க, நடையையும் விடாதீங்க."

"ஏறிடுமா? இன்னும் ஏழெட்டு வாரந்தான இருக்கு?"

"ஏறும்னு நம்புவோம்க்கா."

நம்பிக்கைக்கெல்லாம் அவள் வாழ்க்கையில் சீட்டு எழுதியதில்லை. நாலு முட்டையை ஐந்தாக்கினாள், படிக்கல்லை அலமாரியில் வைத்தாள். அன்று முதல் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எடை.

பிறகு ஒரு மத்தியானம், வெயில் மேடையின் இரும்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. தாடிக்காரனுடைய லாரி மேடைக்கு முன்னால் உறுமிக்கொண்டு நின்றது. எடைக்காரி முந்தைய சீட்டைக் கிழித்துக்கொண்டிருந்தாள். பூஜ்யத்தில் இருந்த எண் திடீரென்று குதித்தது. நாற்பது. அறுபது. நாற்பது. யாரோ மேடையில் நடக்கிறார்கள். வழக்கப்படி கை ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தியது.

"யாருப்பா அது ஆட்டு..."

மாவுதான். வீட்டிலிருந்து கண்ணாடி அறைக்குச் சுற்றி வராமல் மேடைக்குக் குறுக்கே வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் சக்கரம் வைத்த சிலிண்டர். அதன் பிடியில் ஒரு டிபன் டப்பா தொங்கியது. ஐந்து எட்டு வைத்தார், நின்றார். தோள் இரண்டும் காதுவரைக்கும் ஏறி இறங்கின. இன்னும் நாலு எட்டு.

தாடிக்காரன் யாரும் சொல்லாமலே இன்ஜினை அணைத்தான். ஆக்ஸிஜன் உஸ்ஸென்று போகும் சத்தம்கூடக் கேட்கும் போலிருந்தது.

மேடைக்கு நட்டநடுவில் வந்ததும் அவர் நின்றுவிட்டார். முழங்காலில் கையூன்றிக் குனிந்தார். எடைக்காரி நாற்காலியை விட்டு எழுந்து கதவுவரைக்கும் போனாள், கதவுப் பிடியில் கையை வைத்தாள். ஓடினால் பத்தே எட்டு. பிடியை விட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். பெட்டியில் சிவப்பு எண்கள் தயங்கி ஒன்றில் நிற்கப் பார்த்தன. இத்தனை வருஷமும் அந்த ஒரு கணத்துக்காகத்தான் காத்திருந்து சம்பளம் வாங்கினாள். இன்றைக்கு அது நிற்கக் கூடாது என்றிருந்தது அவளுக்கு. பொத்தானை அழுத்தினாள்.

"நிக்காதீங்க," என்றது ஒலிபெருக்கி. "எண் ஆடட்டும், பரவால்ல. வாங்க."

அவர் தலையை நிமிர்த்திச் சிரிக்கப் பார்த்தார், மூச்சு இடம் கொடுக்கவில்லை. வலது காலை எடுத்து வைத்தார். எண் குதித்தது.

ஜன்னலுக்கு வந்துசேர்ந்ததும் டப்பாவைப் பலகையில் வைத்துவிட்டு, பேச்சு வரும் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீ காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. வீட்ல ஒரே ஒரு தட்டுதான் கழுவிக் கிடந்துச்சு. பாத்தேன்."

அவள் டப்பாவைத் திறந்தாள். அவித்த முட்டை ஒன்று இருந்தது. தோலை உரிக்கத் தெரியாமல் வெள்ளையையும் சேர்த்துப் பிய்த்திருந்தார்.

"எவ்வளவு காட்டுச்சு?" என்று கேட்டார்.

"தெரியலங்க," என்றாள் அவள். "எண் நிக்கவே இல்ல."

முட்டையை வாயில் போட்டு மென்றுகொண்டே, லாரியை ஏற்றச் சொல்லித் தாடிக்காரனுக்குக் கை காட்டினாள்.